சேர்ந்து நிதி திரட்டுவது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறைச் சங்கங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், பழைய மாணவர் சங்கம், மாற்றுத்திறனாளிகள் அமைப்பு, பள்ளிவாசல் நலன்புரிக் குழு, மாவட்ட மட்டத்தில் இயங்கும் அரச சார்பற்ற நிறுவனம் என்று எங்கள் பக்கத்தில் அமைப்புகளுக்குக் குறைவில்லை. காசுக்குத்தான் குறைவு. இரண்டு மூன்று அமைப்புகள் சேர்ந்து ஒரு நிதி சேகரிப்பை நடத்தினால் என்ன என்ற பேச்சு எழும்போதெல்லாம் வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். காசைக் கையாளும் கேள்விகளுக்கு மட்டும் பதில் நீளமாக இருக்கும். கூட்டுகள் உடைவது அநேகமாக அந்த இடத்தில்தான்.

தனித்தனியாகத் திரட்டாமல் சேர்ந்து திரட்டுவதில் என்ன லாபம்?

முதல் லாபம் கொடுப்பவருக்கு. மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ பிரதான வீதியில் கடை வைத்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் பிறந்தால் அப்பியாசக் கொப்பி என்று ஒரு சங்கம் வரும், புத்தகப்பை என்று இன்னொன்று வரும், சப்பாத்து என்று மூன்றாவது வரும். மூன்றும் ஒரே கிராமத்துப் பிள்ளைகளுக்காகவும் இருக்கலாம். முதலில் வந்தவருக்கு 5,000 ரூபாய், அடுத்தவருக்கு 1,000. மூன்றாமவரைத் தூரத்தில் கண்டதுமே முதலாளி கடையின் பின்பக்கம் போய்விடுவார். மூவரும் ஒன்றாக ஒரே தடவை வந்து, இன்ன பாடசாலையில் இத்தனை பிள்ளைகள், ஒரு பிள்ளையின் முழுத் தேவைக்கு இவ்வளவு என்று விபரத்தை மேசையில் வைத்தால் அவர் உட்கார்ந்து கேட்பார்.

இரண்டாவது லாபம், ஒரே இடத்தில் போய்க் குவியாமல் இருப்பது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சில கிராமங்களில் மீனவர்களின் எண்ணிக்கையை விட அதிகமாக வள்ளங்கள் வந்து இறங்கின. அவற்றில் சில எங்கள் கடலுக்கு ஒத்துவராதவை. அதே காலத்தில் வாவிக்கு மேற்கே, போரால் அடிபட்டிருந்த படுவான்கரைக் கிராமங்கள் பலவற்றை எட்டிப் பார்க்க ஆளில்லை. அப்போது காசு இருந்தது, யார் எங்கே என்ற பேச்சுத்தான் இருக்கவில்லை.

அந்தச் சுனாமிக்குக் காசு சேர்ந்த விதத்திலும் ஒரு பாடம் உண்டு. பிரித்தானியாவில் 1963 முதல் டி.இ.சி. என்ற அனர்த்த அவசரக் குழு இயங்குகிறது. ஒன்றோடொன்று போட்டி போடும் பெரிய தொண்டு நிறுவனங்கள், பேரனர்த்தம் வந்தால் மட்டும் ஒரே குரலில், ஒரே கணக்கில் கேட்கும் ஏற்பாடு அது. சுனாமிக்காக அது திரட்டியது 392 மில்லியன் பவுண். எந்த உறுப்பினருக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பணம் வந்த பிறகு உட்கார்ந்து பேரம் பேசுவதில்லை. அதற்கான கணக்கு முறை முன்கூட்டியே இருக்கிறது. எங்கள் அளவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் சேர வேண்டுமா?

வேண்டாம். ஒரு முதியவரின் கண் சத்திரசிகிச்சைக்கு ஐம்பதாயிரம் சேர்க்க மூன்று சங்கங்கள் கூட்டம் போட்டால், கூட்டத்துக்குப் போன ஓட்டோக் காசே ஒரு தொகையாகிவிடும். தனியாக ஒரு சங்கத்தால் முடியாத தொகை, அல்லது ஒரு சங்கத்திடம் ஆளும் இன்னொன்றிடம் தொடர்பும் இருக்கும் வேலை, அல்லது பல கிராமங்களைத் தொடும் தேவை. இந்த மூன்றில் ஒன்று இருந்தால்தான் சேர்வதில் பொருள் உண்டு.

சேர்வது என்றால் காசை ஒரே பானையில் போடுவதுதானா?

அது ஒரு முறை மட்டுமே. பலருக்கு அது பொருந்துவதும் இல்லை. இலேசான முறை: நாளையும் செய்தியையும் மட்டும் பொதுவாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சங்கமும் தன் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் தானே சேர்ப்பது. நடைபவனி ஒன்று, பதாகை ஒன்று, உண்டியல் வேறுவேறு. முதல் தடவை சேர்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது, ஒரு நிறுவனம் முன்னின்று திரட்ட, மற்றவை வேலைக்கு ஆளும் இடமும் கொடுத்து, திட்டத்துக்குரிய பங்கைப் பெறுவது. மூன்றாவதுதான் ஒரே பானை. இதில் பலன் அதிகம், சிக்கலும் அதிகம்.

காசே இல்லாமலும் சேரலாம். ஒருவரிடம் லொறி, ஒருவரிடம் களஞ்சியம், ஒருவரிடம் கணக்கு எழுதத் தெரிந்த பிள்ளை. இதையும் ஒரு பங்களிப்பாக எழுதி வையுங்கள். பின்னால் “நாங்கள்தான் எல்லாம் செய்தோம்” என்ற பேச்சு வரும்போது அந்தத் தாள் உதவும்.

யாருடன் சேரலாம், எப்படித் தெரிந்துகொள்வது?

உங்களைப் போலவே இருக்கும் சங்கத்துடன் சேர்ந்தால், ஒரே ஆட்களிடம் இரண்டு பேராகப் போய் நிற்பீர்கள். உங்களிடம் இல்லாதது அவர்களிடம் இருக்க வேண்டும். வவுணதீவிலோ வெல்லாவெளியிலோ ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு எந்த வீட்டில் பிள்ளை பாடசாலைக்குப் போகாமல் நிற்கிறது என்று தெரியும். நகரத்து நிறுவனத்துக்கு அறிக்கை எழுதத் தெரியும். பழைய மாணவர் சங்கத்துக்கு லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஆள் தெரியும். மூன்றும் சேர்ந்தால் அது நல்ல கூட்டு.

சேர முன் மூன்று தாள்களைக் கேளுங்கள்: பதிவுச் சான்றிதழ், கடைசி வருடக் கணக்கறிக்கை, கடைசிப் பொதுக்கூட்டத்தின் கூட்டக் குறிப்பு. கேட்பதில் வெட்கம் வேண்டாம், உங்களுடையதை முதலில் நீட்டிவிட்டுக் கேளுங்கள். தராமல் இழுத்தடிப்பவருடன் தேநீர் குடிக்கலாம், கணக்கு வைக்க வேண்டாம். இன்னொன்றும் பாருங்கள். அந்த அமைப்பில் தலைவர் ஒருவரைத் தவிர வேறு யாராவது பேசுகிறார்களா? ஒரே ஆளில் நிற்கும் சங்கம், அந்த ஆள் வெளிநாடு போன அன்றே நின்றுவிடும்.

தேர்தல் காலத்தில் திடீரென்று சேர விரும்பும் அமைப்புகளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாங்கள் சின்னச் சங்கம். பெரிய நிறுவனம் எங்களை விழுங்கிவிடாதா?

விழுங்கலாம். வழக்கமாக நடப்பது இதுதான்: பயனாளிகள் பட்டியலைத் தயாரிப்பது, மண்டபம் ஒழுங்கு செய்வது, கதிரை அடுக்குவது எல்லாம் கிராமச் சங்கத்தின் வேலை. மேடையும் பதாகையும் அறிக்கையும் நிறுவனத்துக்கு. அடுத்த வருடம் கொடையாளர் நேரே அந்த நிறுவனத்திடம் போவார், உங்கள் சங்கத்தின் பெயர்கூட அவருக்குத் தெரிந்திராது.

இதைத் தடுக்க மூன்று விடயங்களை ஆரம்பத்திலேயே கேட்டு வாங்குங்கள். கொடையாளருக்குப் போகும் ஒவ்வொரு கடிதத்திலும் உங்கள் சங்கத்தின் பெயர் முழுமையாக இருக்க வேண்டும். முடிவெடுக்கும் குழுவில் உங்களுக்கு ஒரு வாக்கு வேண்டும், பார்வையாளர் கதிரை போதாது. பட்டியல் போடுவதற்கும் அலைவதற்கும் ஆகும் செலவு வரவுசெலவில் தனி வரியாக இருக்க வேண்டும். பெண்கள் சங்கங்கள் இந்த மூன்றாவதைக் கேட்கத் தயங்குகிறார்கள். பஸ் காசையும் தொலைபேசிக் காசையும் கையிலிருந்து போட்டுத் தொண்டு செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

கூட்டாகத் திரட்டுவதற்குத் தனியாகப் பதிய வேண்டுமா?

ஒரு தடவை நடத்தும் சேகரிப்புக்குப் புதிய அமைப்பொன்றைப் பதியும் அளவுக்குப் போகத் தேவையில்லை. ஏற்கெனவே பதிந்த ஒரு அமைப்பு பொறுப்பெடுத்தால் போதும். ஆனால் அந்தப் பதிவு எதற்கு, எங்கே என்று பார்க்க வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிந்தவை உண்டு, 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிந்தவை உண்டு, பிரதேச செயலகத்தில் மட்டும் பதிந்த கிராமச் சங்கங்களும் உண்டு. ஒரு பிரதேசத்துக்குள் வேலை செய்யப் பதிந்த சங்கம், பக்கத்து மாவட்டத்தில் காசு சேர்க்க அந்தச் சான்றிதழைக் காட்ட முடியாது.

இது எங்களுக்குக் கொஞ்சம் வினோதமான சிக்கல். பெரியகல்லாற்றிலிருந்து பெரியநீலாவணைக்கு நடந்தே போகலாம், ஆனால் ஒன்று மட்டக்களப்புக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குக் கீழே, மற்றது அம்பாறைக் கச்சேரிக்குக் கீழே. இரண்டு மாவட்டத்திலும் திரட்டுவதென்றால் இரண்டு பக்கத்திலும் பதிந்த பங்காளி வேண்டும், அல்லது தேசிய மட்டத்தில் பதிந்த ஒருவர் வேண்டும். மாவட்டச் செயலகத்தில் அரச சார்பற்ற நிறுவனங்களைப் பார்க்கும் உத்தியோகத்தரிடமும், சேர்க்கும் இடத்துப் பிரதேச செயலகத்திலும் முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிடுங்கள். வீதியில் உண்டியல் குலுக்குவதாக இருந்தால் பொலிஸ் நிலையத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். கடிதத்தில் முத்திரை வாங்கிய பிரதி ஒன்று களத்தில் நிற்கும் ஒவ்வொரு குழுவின் கையிலும் இருக்கட்டும்.

காசு யாருடைய கணக்கில் போக வேண்டும்?

பதிவு இல்லாத கூட்டணியின் பெயரில் வங்கி கணக்குத் திறக்காது. பதிவுச் சான்றிதழ், யாப்பு, குழுவின் தீர்மானம் எல்லாம் கேட்பார்கள். ஆகவே பதிந்த ஒரு அமைப்பின் பெயரில்தான் கணக்கு இருக்கும். அந்த அமைப்பின் அன்றாடக் கணக்கில் மட்டும் போட வேண்டாம். சம்பளமும் மின்சாரக் கட்டணமும் போகும் கணக்கில் சேகரிப்புக் காசு விழுந்தால், நேர்மையானவரால்கூட எது எந்தக் காசு என்று பிறகு பிரித்துக் காட்ட முடியாது. இந்தச் சேகரிப்புக்கென்று தனிக் கணக்கு ஒன்று, முடிந்ததும் மூடிவிடும் கணக்கு, திறக்கச் சொல்லுங்கள்.

கையொப்பம் மூவர், காசு எடுக்க இருவர் வேண்டும் என்ற ஒழுங்கு நல்லது. மற்ற அமைப்புகளின் ஆட்களையும் கையொப்பக்காரராகச் சேர்க்கலாமா என்று வங்கியில் கேளுங்கள், சில முகாமையாளர்கள் குழுத் தீர்மானம் இருந்தால் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வழி: ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் முன் மற்றப் பொருளாளர்கள் சிட்டையில் கையொப்பம் வைக்க வேண்டும் என்று உடன்படிக்கையில் எழுதுங்கள். வாரத்துக்கு ஒருமுறை கணக்குக் கூற்றைப் படமெடுத்து எல்லாப் பொருளாளர்களும் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் போடுவதும் ஒரு ஒழுங்குதான். சின்ன விடயம், ஆனால் வதந்திகளில் பாதி அங்கேயே நின்றுவிடும்.

ரொக்கமாகச் சேர்வது தனிக் கதை. எண்ணும்போது இரண்டு அமைப்புகளின் ஆட்கள் இருக்க வேண்டும், அன்றே அல்லது அடுத்த வேலை நாளில் வங்கியில் போட வேண்டும். பற்றுச்சீட்டுப் புத்தகங்களுக்குத் தொடர் இலக்கம் போட்டு, எந்தப் புத்தகம் யார் கையில் என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். திரும்பி வராத புத்தகம் ஒன்று இருந்தாலும் கணக்கு முடியாது.

வரியையும் மறந்துவிட வேண்டாம். அரச சார்பற்ற நிறுவனம் ஒன்று பெறும் நன்கொடையின் ஒரு சிறு வீதத்தை இலாபமாகக் கொண்டு வரி கணிக்கும் ஏற்பாடு உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் இருக்கிறது. மூன்று அமைப்புகளின் காசு ஒருவர் கணக்கில் விழுந்தால் கேள்வி அவரிடம்தான் வரும். கணக்காளர் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டு, அப்படி வரும் செலவைப் பொதுச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பங்கு பிரிப்பது எப்படி?

விதைப்பதற்கு முன்பே வயல் சொந்தக்காரரான போடியாரும் வயல் வேலையைப் பொறுப்பெடுக்கும் முல்லைக்காரரும் கூலி நெல்லைப் பேசி முடிப்பார்கள், சூடு அடித்த களத்தில் நின்று பேசுவதில்லை. இதுவும் அப்படியே. முதல் ரூபாய் வருவதற்கு முன் பேசிவிட வேண்டும்.

நான்கு வழிகள் உண்டு. சரிசமமாகப் பிரிக்கலாம், திரட்டிய அளவுக்குப் பிரிக்கலாம், பயனாளிகளின் எண்ணிக்கைக்குப் பிரிக்கலாம், வேலைத் திட்டத்துக்கு ஏற்பப் பிரிக்கலாம். கேட்கும்போது நியாயமாகத் தெரிவது இரண்டாவது. எனக்கு அதுதான் பிடிக்காதது. “திரட்டியவர் எடுக்கட்டும்” என்ற உடனே பங்காளிகள் தங்கள் கொடையாளரை ஒளிக்கத் தொடங்குவார்கள், ஒரே வெளிநாட்டுக்காரருக்கு மூவரும் தனித்தனியாக அழைப்பெடுப்பார்கள். வெளிநாட்டுத் தொடர்பு இல்லாத கிராமச் சங்கம் கடைசியில் நிற்கும். ஆனால் தேவை அங்கேதான் அதிகம்.

ஒரு உதாரணம் பார்ப்போம். படுவான்கரையில் தூரத்திலிருந்து நடந்து வரும் 40 மாணவர்களுக்குச் சைக்கிள் கொடுக்க மூன்று அமைப்புகள் சேர்கின்றன. ஒரு சைக்கிளுக்கு 45,000 ரூபாய் என்று வைத்தால் 18 லட்சம். நிகழ்ச்சிச் செலவு, அச்சு, போக்குவரத்து 1 லட்சம். தெரிவும் தொடர் கண்காணிப்பும் 1 லட்சம். மொத்தம் 20 லட்சம். இதில் பிரிப்பதற்கு என்ன இருக்கிறது? 18 லட்சம் சைக்கிள் கடைக்கு நேரே போகிறது. கண்காணிப்பு 1 லட்சம், வீடு வீடாகப் போகும் மாதர் சங்கத்துக்கு. மற்ற 1 லட்சம் செலவு செய்தவருக்குச் சிட்டைப்படி. யார் எவ்வளவு திரட்டினார் என்ற கணக்கு அறிக்கையில் இருக்கும், காசுப் பங்கில் இருக்காது. திட்டத்தை இப்படிப் பொருளாகவும் வேலையாகவும் உடைத்துவிட்டால் பங்குச் சண்டைக்கு இடம் வெகுவாகக் குறையும்.

இலக்குக்குக் குறைவாகச் சேர்ந்தால்? கூடச் சேர்ந்தால்?

குறைந்தால் எந்தப் பிள்ளைகளுக்கு முதலில் என்ற ஒழுங்கைப் பட்டியல் போடும்போதே எழுதுங்கள். காசு வந்த பிறகு எழுதினால் யாரோ ஒருவரின் மருமகன் பட்டியலில் மேலே ஏறியிருப்பான். கூடினால் அதே வகைத் தேவைக்குத்தான் போக வேண்டும், அதையும் முன்பே அறிவித்திருக்க வேண்டும். சைக்கிளுக்கு என்று வாங்கிய காசில் அலுவலகத்துக்கு மேசை வாங்க முடியாது.

எங்கள் கொடையாளர்களின் பெயர்களை மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டுமா?

கொடுக்கத் தேவையில்லை, கொடுக்கவும் கூடாது. அவர்கள் தொலைபேசி இலக்கத்தை உங்களை நம்பித் தந்தார்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இப்போது இருக்கிறது. ஒவ்வொரு அமைப்பும் தன் ஆட்களுக்குத் தானே எழுதட்டும். சேகரிப்பின்போது புதிதாக வந்து சேர்பவர்களின் விபரம் யாரிடம் இருக்கும், பிறகு யார் அவர்களுடன் தொடர்புகொள்ளலாம் என்பதைத்தான் பேசி வைக்க வேண்டும். படிவத்தில் “மற்றப் பங்காளிகளும் எனக்குச் செய்தி அனுப்பலாம்” என்று ஒரு கட்டம் வைத்து, அவரே அடையாளம் இட விடுங்கள்.

தமிழ்ச் சங்கமும் முஸ்லிம் சங்கமும் சேர்ந்து திரட்டும்போது கவனிக்க வேண்டியவை என்ன?

காத்தான்குடியும் ஆரையம்பதியும், கல்முனையும் பாண்டிருப்பும், அக்கரைப்பற்றும் ஆலையடிவேம்பும் மதில் தொட்டு இருக்கும் ஊர்கள். வெள்ளம் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் ஏறுகிறது. சேர்ந்து திரட்ட இதைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை. பழைய காயங்களும் இங்கேதான் அதிகம்.

முதலில் காசின் தன்மை. கட்டாயக் கொடையான ஸகாத், குர்ஆன் சொல்லும் 8 வகையினருக்கு மட்டும் உரியது, அதை விரும்பியபடி பொதுச் செலவில் கலக்க முடியாது. விரும்பிக் கொடுக்கும் தர்மமான ஸதக்கா அப்படியல்ல, அதைப் பொதுத் தேவைக்குக் கொடுப்பது இலகு. ஆகவே பற்றுச்சீட்டிலேயே இது ஸகாத், இது ஸதக்கா, இது பொது நன்கொடை என்று பிரித்து எழுத இடம் விடுங்கள். சந்தேகம் வந்தால் ஊர் உலமாக்களிடம் கேட்டு அவர்கள் சொல்வதை எழுத்தில் எடுங்கள். கோயில் திருவிழாவுக்கென்று சேர்ந்த காசுக்கும், தேவாலயத்தில் தவக்காலத்தில் சேர்ந்த காசுக்கும் இதே ஒழுங்குதான். எந்த நோக்கத்துக்குக் கொடுத்தாரோ அந்த நோக்கம் காசோடு கூடவே போக வேண்டும்.

வங்கி வட்டியையும் பேசிக்கொள்ளுங்கள். வட்டி வரும் சேமிப்புக் கணக்கில் தங்கள் காசு கிடப்பதைப் பல முஸ்லிம் கொடையாளர்கள் விரும்ப மாட்டார்கள். நடைமுறைக் கணக்கு அல்லது இஸ்லாமிய வங்கிப் பிரிவில் ஒரு கணக்கு என்றால் பிரச்சினை முடிந்தது. கூட்டங்களை வெள்ளி நண்பகலில் வைக்க வேண்டாம், நோன்பு காலத்தில் மாலையில் வைக்க வேண்டாம். நிகழ்ச்சிச் சாப்பாடு மரக்கறி என்றால் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

இன ஒற்றுமை என்பதையே சேகரிப்பின் தலைப்பாக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதை எழுதிப் பதாகை கட்டினால் வருபவர்கள் பேச்சாளர்கள். குடிநீர் வடிகட்டி என்று எழுதினால் தாய்மார் வருவார்கள்.

எந்தக் காலத்தில் திரட்டலாம்?

எங்கள் பக்கத்தில் காசு வயலோடு போகும். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை முடிந்ததும் கைகளில் கொஞ்சம் இருக்கும். அந்த வேளையில் நெல்லாகவே வாங்குவது பழக்கமான முறை. வட்டை வட்டையாக, அதாவது ஒவ்வொரு வயற்பரப்பாகப் போய் மூடைக் கணக்கில் சேர்க்கலாம், அவற்றுக்குப் பொறுப்பான வட்டவிதானைமாரைப் பிடித்தால் வேலை பாதி முடிந்தது. ஆனால் அறுவடை நேரத்தில் நெல் விலை விழுந்து கிடக்கும். பங்காளிகளில் ஒருவரிடம் ஈரம் படாத களஞ்சியம் இருந்தால் சில வாரங்கள் வைத்து விற்கலாம். இல்லாவிட்டால் அளந்த அன்றே மில்லுக்குக் கொடுத்துச் சிட்டை வாங்குங்கள். வீட்டுத் திண்ணையில் அடுக்கிய மூடைகளின் எண்ணிக்கை எப்படியோ குறைந்துவிடும்.

ரமழான் ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகர்கிறது. 2026 இலும் 2027 இலும் அது பெப்ரவரியில் தொடங்குவதால் அறுவடையும் நோன்பும் ஒட்டி வருகின்றன. கூட்டுச் சேகரிப்புக்கு இது நல்ல வாய்ப்பு. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்திலும் திருக்கோவிலிலும் கூட்டம் குவியும், ஆனால் ஆலய நிர்வாகத்தின் சம்மதமில்லாமல் வாசலில் மேசை போட வேண்டாம். ஆகஸ்டில் வெளிநாட்டு உறவுகள் விடுமுறைக்கு வருவார்கள். நேரில் பார்த்தவர் கொடுப்பது, படத்தில் பார்த்தவர் கொடுப்பதைவிடக் கூட.

2012 இல் தொடங்கிய கொடைச் செவ்வாய் என்ற உலக நாள் நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ வரும். அது எங்கள் மாரிமழைக் காலம். ஊரில் நடைபவனி வைக்க முடியாது, வெளிநாட்டில் இருப்பவர்களிடம் கேட்க மட்டும் பயன்படுத்தலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களிடம் எப்படிச் சேர்ந்து கேட்பது?

இங்கே மூன்று அமைப்புகள் சேர்ந்தால் அங்கேயும் ஒரு பங்காளி வேண்டும். கோஃபண்ட்மீ போன்ற தளங்களில் இலங்கை வங்கிக் கணக்குக்கு நேரே பணம் எடுக்க முடியாது. அந்தத் தளம் இயங்கும் நாடொன்றில் இருப்பவர்தான் தொடங்க முடியும். வழக்கமாக யாராவது ஒரு தம்பி தன் பெயரில் தொடங்கி, தன் கணக்கில் வாங்கி, இங்கே அனுப்புவார். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனாலும் கேள்வி வரும்போது அவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

பிரித்தானியாவில் முறைப்படி அங்கீகாரம் பெற்ற ஊர்ச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ இருந்தால் அவர்கள் வழியாகவே போங்கள். அங்கு வரி கட்டும் ஒருவர் 1 பவுண் கொடுத்தால், கிஃப்ட் எய்ட் திட்டத்தில் அந்தச் சங்கம் அரசிடமிருந்து இன்னும் 25 பென்ஸ் பெறலாம். தம்பியின் தனிக் கணக்குக்கு அது கிடைக்காது. இங்கே பணம் வரும்போது வங்கி கேள்வி கேட்பதும் இயல்புதான். 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டப்படி அது அவர்கள் கடமை. உடன்படிக்கையின் பிரதி, திட்ட வரவுசெலவு, அனுப்பும் சங்கத்தின் கடிதம் மூன்றையும் முன்கூட்டியே கிளையில் கொடுத்து வைத்தால் பணம் நாட்கணக்கில் நிற்காது.

வெள்ளம் வந்துவிட்டால் உடன்படிக்கை எழுத ஏது நேரம்?

அதனால்தான் மழைக்கு முன் எழுத வேண்டும். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்தால் எந்தக் கிராமம் முதலில் நனையும், கிரானில் எந்த வீதி முதலில் மூடும் என்று எல்லோருக்கும் தெரியும். புரட்டாசி, ஐப்பசியில் ஒரு மாலை உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதிவிடுங்கள்: யார் கணக்கு, யார் பேச்சாளர், எந்தக் கிராமம் யாருக்கு, எந்தப் பொருள் யார் வாங்குவது. செய்தியையும் வெற்றிடம் விட்டு எழுதி வையுங்கள். வெள்ளம் வந்த அன்று திகதியையும் ஊரையும் நிரப்பி அனுப்பலாம்.

முகாம் விபரத்துக்குக் கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகமும்தான் முதல் இடம், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. முதல் நாட்களில் எல்லோரும் சமைத்த சாப்பாடும் உலர் உணவும் என்று ஓடுவார்கள். கூட்டாக இருப்பவர்கள் தங்களுக்குள் ஒருவரையாவது தண்ணீர் வடிந்த பிறகான வேலைக்கு ஒதுக்குங்கள். கிணறு இறைத்தல், பாடசாலைக் கொப்பி, பாய், அடுப்பு. அந்தக் கட்டத்தில் கமராக்கள் போயிருக்கும், கொடையும் குறைந்திருக்கும்.

அதிர்ஷ்டச் சீட்டு, இசை நிகழ்ச்சி, சுற்றுப்போட்டி?

சீட்டிழுப்புக்கு லொத்தர் சட்டப்படி அனுமதி வேண்டும். “எல்லோரும் செய்கிறார்கள்” என்பது பதில் அல்ல, பிரதேச செயலகத்தில் கேளுங்கள். இசை நிகழ்ச்சி பெரும்பாலும் ஒலிபெருக்கிக்காரருக்கும் மேடைக்காரருக்கும் உழைத்துக் கொடுக்கும். உதைபந்தாட்ட, கிரிக்கெட் சுற்றுப்போட்டிகளில் செலவு குறைவு, இளைஞர் கழகங்கள் தாமே வந்து நிற்பார்கள், கடைக்காரர்களும் கிண்ணத்துக்கு அனுசரணை தருவார்கள்.

பயனாளிகளின் படங்களைப் போடலாமா?

எல்லாப் பங்காளிகளுக்கும் ஒரே விதி இருக்க வேண்டும். நீங்கள் பிள்ளையின் முகத்தை மறைத்துப் போட, மற்றச் சங்கம் அதே பிள்ளை அரிசிப் பொதியோடு அழுதபடி நிற்கும் படத்தை முகநூலில் போட்டால் உங்கள் மறைப்புக்கு அர்த்தமில்லை. சிறிய ஊரில் முதுகைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். பொருளைப் படமெடுங்கள், வேலையைப் படமெடுங்கள். ஆளின் படம் தேவையென்றால் அவரின் சம்மதம், பிள்ளையென்றால் பெற்றோரின் சம்மதம், எழுத்தில்.

பங்காளிகளுக்குள் பிணக்கு வந்தால்?

வரும். அநேகமாகக் காசுக்காக இல்லாமல், பதாகையில் யார் சின்னம் பெரிது, பிரதம அதிதி யார் என்பதற்காக வரும். சின்னங்கள் ஒரே அளவு, அகர வரிசை என்று எழுதிவிடுங்கள். பிரதம அதிதியே இல்லாமல் நடத்த முடிந்தால் இன்னும் நல்லது, பொன்னாடைச் செலவும் மிச்சம். உண்மையான பிணக்குக்கு, இரு பக்கமும் மதிக்கும் ஒருவரை, ஓய்வுபெற்ற அதிபரோ வங்கி முகாமையாளரோ, தொடக்கத்திலேயே பெயர் குறித்து வையுங்கள். ஒருவர் இடையில் விலகினால் அவர் சேர்த்த காசு சேகரிப்பிலேயே இருக்கும் என்றும் எழுதுங்கள், கொடையாளர் கொடுத்தது அவருக்கு இல்லையே.

முடிந்த பிறகு கணக்கை எப்படிக் காட்டுவது?

மூன்று அமைப்பும் மூன்று அறிக்கை விட்டால் மூன்று தொகை வரும், பிறகு விளக்கம் சொல்லியே வருடம் போய்விடும். ஒரே அறிக்கை, எல்லாத் தலைவர்களும் பொருளாளர்களும் கையொப்பமிட்டது, ஒரே நாளில் எல்லோரும் வெளியிட வேண்டும். வரவு, செலவு, மிச்சம், பொருளாக வந்தவை, யார் யாருக்கு எத்தனை. கூட்டில் இல்லாத ஒருவரைக் கொண்டு சிட்டைகளைப் பார்வையிடச் செய்து அவர் கையொப்பத்தையும் சேருங்கள். பெரிய தொகையென்றால் பட்டயக் கணக்காளர் வேண்டும்.

அறிக்கையை முகநூலில் போட்டதோடு விட்டுவிடாமல், கிராமத்திலும் வாசித்துக் காட்டுங்கள். சங்கக் கட்டடத்தின் அறிவித்தல் பலகையில் ஒரு பிரதி, கடைக்காரர்களுக்கு நன்றிக் கடிதத்தோடு ஒரு பிரதி. கணக்கை மூடிய வங்கிக் கடிதத்தின் பிரதியும் அதோடு போகட்டும்.